ஒன்றரைச் சுற்று

எங்கள் காருக்குப் பதினாறு வயது. அதை நான் தினமும் திட்டுவேன், ஆனால் நம்பாமல் இருந்ததில்லை. ஹேண்ட் பிரேக் விஷயத்தில் மட்டும் அது என்னை மூன்று மாதம் ஏமாற்றியது. அல்லது, அது ஏமாற்றுகிறது என்று சொல்லிக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

நான் பல் செய்கிறவன். டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அச்சை அனுப்புவார்கள், வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து நான் பல் செட்டைச் செய்து கொடுப்பேன். என் மனைவி கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிறவள். அவளுக்குக் கண், எனக்குப் பல் என்று உறுப்புகளைப் பங்கு போட்டுக்கொண்டுவிட்டோம் என்பது என் மைத்துனனின் பழைய கிண்டல். மீதி உடம்புக்கு யார் பொறுப்பு என்று அவன் கேட்டதில்லை, நாங்களும் யோசித்ததில்லை.

உங்களிடம் மறைப்பானேன். மழைக்காலம் தொடங்கிய வாரம் ஒரு மேல் செட் என் இடது கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்து இரண்டாக உடைந்தது. இடது கை பிடித்துக்கொள்ளும், வலது கை செதுக்கும், இதுதான் என் தொழில். அடுத்த வாரம் இன்னொன்று விழுந்தது. இடது கட்டைவிரலில் வலி எதுவும் இல்லை. கூப்பிட்டால் 'இதோ' என்று சொல்லிவிட்டுத் தாமதமாக வரும் வேலையாள் போல அது ஆகியிருந்தது. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே சதை லேசாகக் குழிந்திருந்தது. உடைந்ததைப் பெருக்கித் தள்ளிவிட்டு மறுபடி செய்து கொடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். எனக்குக் கை போனால் பல்லும் போச்சு, அதற்கப்புறம் இந்த வீட்டில் நான் என்ன செய்துகொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஹேண்ட் பிரேக் தளர்ந்தது. எங்கள் காரில் ஸ்டியரிங் வலப்பக்கம். ஆகவே ஓட்டுகிறவன் ஹேண்ட் பிரேக்கை இடது கையால்தான் இழுக்க வேண்டும். இழுக்கும்போது உள்ளே பல்சக்கரம் டக், டக் என்று எண்ணிக்கொண்டே வரும். ஆறாவது டக்கில் பின் சக்கரம் இறுகிவிட வேண்டும், அதுதான் கணக்கு. ஒரு நாள் இழுத்தேன், ஒன்பது வரை வந்தது. எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். காரில் பழுது இருக்கிறது என்றால் என் கையில் பழுது இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் இங்கே கூடம் நிஜமாகவே கோணலாக இருந்ததே.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அதைச் சரி செய்ய உட்கார்ந்தேன். எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. தெருவிலிருந்து வீட்டுக்குச் சரிவாக ஒரு பாதை ஏறி, கடைசியில் ஒரு கார் நிற்கும் அளவுக்குச் சமதளம். அங்கே காரை நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் கொடுத்து, பின் பக்கத்தை ஜாக்கியில் தூக்குவேன். அப்புறம் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டு, ஹேண்ட் பிரேக்கைச் சுற்றியிருக்கும் தோல் உறையைப் பிரிப்பேன். அதற்குள்ளே, கம்பியின் முனையில், ஒரு சின்ன நட்டு. அதைப் பத்தாம் நம்பர் ஸ்பானரால் வலப்பக்கம் திருப்பினால் கேபிள் இறுகும். ஒரு அரைச் சுற்று, பிறகு இறங்கிப் போய்ச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்ப்பது. மறுபடி ஒரு அரைச் சுற்று, மறுபடி இறங்குவது. அந்த இருக்கையில் உட்கார்ந்தால் ஹேண்ட் பிரேக் என் வலது கைக்கு வரும். வலது கையால் இழுத்து ஆறு எண்ணி, உறையை மூடிவிடுவேன்.

இதற்கு இருபது நிமிஷம் போதும். எனக்கு மதியம் வரை ஆகும். காரணம், அந்தக் காருக்குள் ஞாயிற்றுக்கிழமை வேறு மாதிரி இருந்தது. கண்ணாடிகளில் பனி படர்ந்து தெரு பாலுக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோலத் தெரியும். பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுவது தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோலக் கேட்கும். பின் பக்கம் தூக்கியிருப்பதால் இருக்கை முன்னால் சாய்ந்து, கார் எங்கோ மெல்ல இறங்கிக்கொண்டே இருப்பதாகத் தோன்றும். நான் ஸ்பானரை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவேன். கார் கிளம்பிவிடும். சத்தமே இல்லாமல் தெருத்தெருவாகப் போகும். சன்னல்களில் நின்று ஜனங்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், எல்லார் வாயிலும் நான் செய்த பற்கள். கீழ் வரிசையில் இரண்டாவதை நான் கொஞ்சம் சாய்த்து வைப்பேன், அப்போதுதான் சொந்தப் பல் போலிருக்கும். அந்தச் சாய்வைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிடும். கனவிலும் என் இரண்டு கைகளும் மடியில் பத்திரமாக இருக்கும். விழித்துப் பார்த்தால் பனி விலகியிருக்கும், ஸ்பானர் சூடாகியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை இறுக்குவேன். திங்களும் செவ்வாயும் காலையில் அவளைக் கடையில் இறக்கிவிட்டு, நான் கிளினிக்குகளைச் சுற்றிவிட்டு வருவேன். அந்த இரண்டு நாளும் பிரேக் முரட்டுத்தனமாக இருக்கும். இடது கையால் இழுத்தால் மூன்றோ நாலோதான் வரும். விடுவிக்க நுனியிலுள்ள பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும், அது அசையாது. வலது கையையும் கொண்டுபோய் அழுத்துவேன். அழுத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் பார்த்தாளா என்று ஓரக்கண்ணால் பார்ப்பேன். அவள் எப்போதும் சன்னலுக்கு வெளியே எதையாவது பார்த்துக்கொண்டிருப்பாள்.

வியாழக்கிழமை வந்தால் பழையபடி ஒன்பது டக்.

"பாத்தியா? மறுபடி தளந்துட்டுது," என்பேன்.

"பழைய காருதானே," என்பாள்.

"பழசானா? நாலு நாள்ல கேபிள் இழுபடுமா? செஞ்சவனை நிக்க வச்சுக் கேக்கணும்."

"கேளுங்க," என்பாள். அவள் முகத்தில் ஒரு திருப்தி இருக்கும். என் கோபத்தை அவள் ரசிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்றாவது மாதம் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவன் காருக்கு அடியில் படுத்தபடியே பேசுகிறவன், அவன் முகத்தைவிடச் செருப்பைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

"அண்ணே, கேபிள் புதுசு மாதிரி இருக்கு. சக்கரத்துலயும் கோளாறு இல்ல," என்றது செருப்பு.

"அப்ப எப்படித் தளருது?"

"தானாத் தளராதுண்ணே. யாராவது ஸ்பானர் போட்டுத் திருப்பினாத்தான் உண்டு."

"யாருடா திருப்புவா? பேயா?"

"உங்க வீட்டு விஷயம் எனக்கென்னண்ணே தெரியும்," என்று சிரித்தான். எனக்கு வந்த கோபத்தில் அவனிடம் இனிமேல் வருவதில்லை என்று முடிவு செய்தேன். அந்த முடிவை ஏற்கெனவே நாலு முறை செய்திருக்கிறேன்.

ஆனால் அவன் சொன்னது மண்டைக்குள் ஏறிக்கொண்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை இறுக்கி முடித்ததும், பல் செட்டுக்கு வைக்கும் ஈறு நிற மெழுகை எடுத்து நட்டின் மேலும் கம்பியின் மேலுமாக ஒரே கோடாக மெல்லிசாகத் தடவினேன். வியாழக்கிழமை உறையைத் தூக்கிப் பார்த்தேன். கோடு இரண்டாகப் பிரிந்து கிடந்தது. கம்பியில் நட்டுக்கு வெளியே தெரிந்த திருகு மரைகளை எண்ணினேன். சரியாக ஒன்றரைச் சுற்று, இடப்பக்கம். பேய்க்கு இவ்வளவு கணக்கு வராது.

அடுத்த புதன்கிழமை, மதியத்துக்கு மேல், நான் நடந்தே போகக்கூடிய கிளினிக்குக்குப் போனேன். புதன் அவளுக்கு விடுமுறை, கார் வீட்டில் நிற்கும். போனால் கதவு பூட்டியிருந்தது. பல் டாக்டருக்கே பல்வலியாம், வேறு டாக்டரிடம் போயிருக்கிறாராம். சிரித்துக்கொண்டே திரும்பி வந்தேன். வெயில் மங்கலாக, மழைக்கு முந்தின மஞ்சள் நிறத்தில் இருந்தது. தெருவில் ஒரு ஆள் இல்லை. கேட்டுக்கு அருகில் வந்ததும் காருக்குள் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன்.

ஓட்டுநர் இருக்கையில் இருந்தாள். தோல் உறை மேலே தூக்கியிருந்தது. லென்ஸைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் ஸ்பானரைப் பிடித்து, உதடு அசைய எண்ணித் திருப்பினாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன், கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் ஸ்பானரை வைத்துவிட்டு இடது கையை நீட்டினாள். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். மீதி நாலு விரலால் மட்டும் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். ஏறியது. கீழே இறக்கிவிட்டு, மறுபடி கட்டைவிரலை மடக்கிக்கொண்டு இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். தலையை ஆட்டிக்கொண்டாள், சரி என்பதுபோல.

நான் கேட்டைத் தொட்ட கையை எடுத்துக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு மூன்று மாதமாக நான் ஊர்வலம் வந்திருக்கிறேன், அவள் ஓரமாக நின்று வழிவிட்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்த மடங்கின கட்டைவிரலைப் பார்த்தபோது என் கை நிஜமாகவே போய்க்கொண்டிருக்கிறது என்று முதல் தடவையாக எனக்குத் தெரிந்தது. கால் போன போக்கில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்தேன்.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்றாள்.

"பல்வலின்னாரு," என்றேன். பிடி கொடுக்காமல் பேசுவதில் நான் கெட்டிக்காரன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலச் செங்கல் கொடுத்தேன், உறையைப் பிரித்தேன், ஸ்பானரை எடுத்தேன். ஆனால் நட்டைத் தொடவில்லை. என் கைக்காக ஒருத்தி அளந்து வைத்திருக்கும் இடம் அது. அதை எப்படித் திருப்புவது? கண்ணை மூடினேன். அன்றைக்கு மழைத்தூறல் கூரையில் பரவி, கார் ஒரு பெரிய காதுக்குள் நிற்பதுபோலிருந்தது. அதே தெருக்கள், அதே சன்னல்கள், ஆனால் சிரித்தவர்களின் வாய்களில் பல் இல்லை. யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மதியம் உறையை மூடிவிட்டு உள்ளே போனேன்.

"இறுக்கியாச்சா?" என்றாள்.

"ஆச்சு."

அந்தப் பொய் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று யோசிக்கும் அறிவு எனக்கு இல்லை. திங்களும் செவ்வாயும் நான் வேண்டுமென்றே நாலு டக்கோடு நிறுத்தி, பொத்தானை இரண்டு கையாலும் அழுத்தினேன். நான் இறுக்கிவிட்டேன் என்று நம்பி, புதன்கிழமை அவள் தன் ஒன்றரைச் சுற்றைத் திருப்பினாள். அன்று நல்ல மழை. சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிப்போய், சுற்றை மட்டும் எண்ணிவிட்டு, இழுத்துப் பார்க்காமலே ஓடி வந்துவிட்டாள். இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும்.

வியாழக்கிழமை சாயங்காலம் மழை விட்டு, எல்லாம் கழுவி வைத்ததுபோலிருந்தது. கடையிலிருந்து அவளை அழைத்துக்கொண்டு வந்தேன். பார்த்தால், நான் அச்சு வார்க்கும் பிளாஸ்டர் மூட்டைகளைக் கொண்டுவந்தவன், எங்கள் சமதளத்தில் கார் நிற்கும் இடத்திலேயே அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போயிருந்தான். வேறு வழியில்லாமல் சரிவிலேயே நிறுத்தினேன். கியரில் விட்டு நிறுத்துவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. என் மாமனார் ஒரு முறை கியரில் இருப்பதை மறந்து காரைக் கிளப்பி, அவர் வீட்டுக் குளியலறைச் சுவரை இடித்து உள்ளே போனார். அதிலிருந்து அவர் குடும்பத்துக்கே நியூட்ரல்தான். அவள் என்னைக் கட்டிக்கொண்டபோது அந்தப் பழக்கமும் கூட வந்தது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். பன்னிரண்டோ பதிமூன்றோ எண்ணினேன். கார் நின்றது. இறங்கினேன். அவளும் இறங்கி, கடைச் சாமான்களை எடுக்கப் பின்னால் போய் டிக்கியைத் திறந்தாள்.

கார் நகர்ந்தது. முதலில் எனக்கு அது ஞாயிற்றுக்கிழமைக் கனவாகத்தான் தெரிந்தது. அவ்வளவு மெதுவாக, அவ்வளவு சத்தமில்லாமல், ஈரத் தரையில் வானம் தெரிய, கார் பின்பக்கமாக அவளை நோக்கிப் போயிற்று. திறந்திருந்த என் பக்கத்துக் கதவு என்னைத் தொட்டுக்கொண்டு போயிற்று. டிக்கிக் கதவின் கீழே அவள் செருப்புகள் ஒரு அடி பின்னால் போவதும், வழுக்குவதும் தெரிந்தன. ஓடாமல் காரைத் தள்ளி நிறுத்தப் பார்க்கிறாள்.

"என்னங்க," என்றாள். கத்தவில்லை. யாரோ பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவதுபோலிருந்தது.

உள்ளே குனிந்து இடது கையால் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்தேன். விரல்கள் அதன் மேல் கிடந்தன, அவ்வளவுதான். கிடந்த கையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்கப்புறம் எப்படி ஏறினேன், எந்தக் காலை முதலில் வைத்தேன், தெரியாது. கார் நின்றபோது என் கால் பிரேக்கின் மேல் இருந்தது, முழங்கால் ரத்தமாக இருந்தது. கண்ணாடியில் டிக்கிக் கதவைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"இருக்கியா?" என்றேன்.

"இருக்கேன். கியர்ல போடுங்க," என்றாள்.

போட்டேன். அவள் செங்கற்களைக் கொண்டுவந்து சக்கரங்களுக்குப் பின்னால் கொடுத்தாள். கதவருகே வந்து நின்றாள். உள்ளங்கைகள் இரண்டும் சேறாக இருந்தன.

"நான்தான் தளத்தி விட்டேன்," என்றாள். "ஒவ்வொரு புதன்கிழமையும். நீங்க ஞாயித்துக்கிழமை இறுக்கிடறீங்களேன்னு."

"தெரியும். போன வாரம் புதன்கிழமை கேட்டுக்கிட்ட நின்னு பாத்தேன். பாத்துட்டுதான் இந்த ஞாயித்துக்கிழமை இறுக்கல."

அவள் என்னையே பார்த்தாள். ஒன்றரையும் ஒன்றரையும் எவ்வளவு என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

"இறுக்கமா இருந்தா மூணோட நின்னுடுது," என்றாள். "உடனே என்னைப் பாப்பீங்க, நான் பாத்துட்டேனான்னு. அந்த மூஞ்சிய என்னால பாக்க முடியல. லூசா இருந்தா ஒம்பது வரைக்கும் வரும், நீங்க பாட்டுக்குக் கேபிள் செஞ்சவனைத் திட்டுவீங்க. திட்டறப்ப நல்லா இருப்பீங்க. சரிவுல நீங்க நிறுத்தறதே இல்லையேன்னு நினைச்சேன்."

சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்ல முடியாது.

"பல் செட்டும் கை நழுவுது," என்றேன். "இதுவரைக்கும் ஏழு உடைஞ்சிருக்கு."

இது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பிரேக்கை மட்டும்தான் தெரியும். பின்னறைக்குள் அவள் வருவதில்லை, என் வேலை நேரத்தில் கதவைத் தட்டியதுகூட இல்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்தபோது, மூன்று மாதமாக நான் பயந்துகொண்டிருந்த கணம் இதுதான் என்று தெரிந்தது. அதில் நான் நினைத்தது எதுவும் நடக்கவில்லை. அவள் காருக்குள் எட்டி, சேறோடு என் இடது கையை எடுத்துப் புறங்கையைத் திருப்பி, அந்தக் குழியைத் தடவிப் பார்த்தாள்.

"ஏழா?" என்றாள்.

வெளிச்சம் இருக்கும்போதே மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து ஓரத்தில் போட்டோம். அவள்தான் காரை ஏற்றிச் சமதளத்தில் நிறுத்தினாள். செங்கல் கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, நான் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து உறையைப் பிரித்தேன். அவள் ஓட்டுநர் இருக்கையில் இருந்தாள். வலது கையால் நட்டைத் திருப்பினேன். அரை, ஒன்று, ஒன்றரை. அங்கே நிறுத்தினேன்.

"யார் கைக்கு வைக்கறீங்க?" என்றாள்.

இத்தனை வாரத்தில் இந்தக் கேள்வியை யாராவது கேட்டிருந்தால் அவனைக் கடித்துக் குதறியிருப்பேன். தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. ஈரத்தில் அதன் வெளிச்சம் கரைந்து, கண்ணாடி முழுவதும் மஞ்சளாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டால் கார் கிளம்பிவிடும் என்று தெரியும், மூடவில்லை.

"உன் கைக்கு," என்றேன்.

மீதி ஒன்றரைச் சுற்றையும் திருப்பிவிட்டு இறங்கிப் பின்னால் போனேன். அவள் இழுத்தாள். ஆறு எண்ணினேன். சக்கரத்தைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை.

"பிடிக்குதா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"பிடிக்குது. நாளைக்குக் கடைக்கு லீவு சொல்லிடு."

"ஏன்?"

"என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நீயே ஓட்டு," என்றேன்.